பிரிக்காத தேயிலைப் பொட்டலம்

மோல்மேன்
11 மார்ச் 1984

மதிப்பிற்குரிய டோ சான் நுவே அவர்களுக்கு,

எட்டு மாதமாக உங்களுக்கு நான் எழுதவில்லை. இப்போதும் நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு சந்தேகம் தீர வேண்டும், அவ்வளவுதான்.

முந்தாநாள் சந்தையிலிருந்து வந்தபோது பக்கத்து வீட்டு டோ பூ ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். லப்பெட். நல்ல மலைத் தேயிலை, எண்ணெயில் ஊறி, பொட்டலத்துக்கு வெளியிலேயே வாசனை வருகிறது. யார் கொடுத்தது என்று கேட்டேன். "யாரோ ஒரு ஆள் வந்தான். மலைநாட்டுப் பக்கம் லாரி ஓட்டுறவனாம். என்னமோ தேதி சொன்னான், ஊர் சொன்னான். எனக்கு அடுப்புல எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, காதுலயே வாங்கல" என்றாள். அவளை என்ன செய்வது.

மலைநாட்டில் எனக்கு உங்களைத் தவிர யாரைத் தெரியும்? அதனால் நீங்கள்தான் அனுப்பியிருக்க வேண்டும். எதற்கு என்பதுதான் புரியவில்லை. பத்திரிகைக்குப் பதிலாக லப்பெட் கொடுத்து விசேஷத்துக்கு அழைப்பார்களே, அந்த அழைப்பா? உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேத்திக்குக் காது குத்துகிறீர்களா? அப்படியானால் நாளையும் இடத்தையும் எழுதி அனுப்ப என்ன கேடு?

அழைப்பு இல்லை என்றால் இன்னொன்றுதான். நான்காம் வகுப்புக்கு நீங்களே நடத்திய பாடம்: பர்மிய ராஜா காலத்தில் வழக்குத் தீர்ந்தால் இரண்டு தரப்பும் நியாயாதிபதி முன்னால் உட்கார்ந்து லப்பெட் தின்பார்கள், தின்ற பிறகு அந்த வழக்கை ஒருவரும் கிளறக்கூடாது. அதைத்தான் செய்யச் சொல்கிறீர்களா? நமக்குத் தீர்ப்பே ஆகவில்லையே, டோ சான் நுவே.

என் கணவர் கோ லூ பே காலமான ஏழாம் நாளன்று பிக்குகளுக்குப் படைத்துவிட்டு, வந்த நாற்பது பேருக்கும் நானே பரிமாறினேன். கோழிக் குழம்பு, புளிச்சைக் கீரைச் சாறு. உங்கள் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் என் சமையலைத் தின்ற நீங்கள் அன்று ஒரு வாய் வைக்கவில்லை. தட்டைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தீர்கள். "என் சோறு வேணாம்னா என் வாசப்படியும் வேணாம்"னு சொன்னது நான்தான். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்காக வருத்தப்படவில்லை.

பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. எதற்கு அனுப்பினீர்கள் என்று தெரியாமல் வாயில் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓன் மே


மேமியோ
24 மார்ச் 1984

ஓன் மே,

யாரடி அந்த "டோ சான் நுவே அவர்கள்"? கடிதத்தைப் படித்த என் மகள் நியோ, "அம்மா, கல்வி ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கா?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்துவிட்டேன். தலை சுற்றுகிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் லப்பெட் அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்றால், நீ எனக்கு அனுப்பியிருந்தாய். அப்படித்தான் நினைத்தேன். இங்கேயும் ஒரு பொட்டலம் வந்தது, இந்த மாதம் ஐந்தாம் தேதி. நான் விகாரைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளித்தாள் என்ன தெரியுமா, நம் மேல்சந்தையில் டூரியன் பாகு விற்கிற கடையின் தாள். இந்தக் குளிர் மலைக்கு மோல்மேன் டூரியன் தாளை வேறு யார் அனுப்புவார்கள்? சரி, ஓன் மே மனது இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அதனால் தின்றுவிட்டேன். அன்றே. பூண்டு வறுத்தேன், எள், வேர்க்கடலை, காய்ந்த இறால், பச்சை மிளகாய், எல்லாவற்றையும் தட்டில் வட்டமாக வைத்து நடுவில் உன் லப்பெட். நியோ கை நீட்டினாள். "இது உனக்கில்ல, இது வழக்கு"ன்னு சொல்லித் தட்டிவிட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். கடைசி இலை வரை தின்று, தட்டை விரலால் வழித்து, அழுதேன். ஒருவாறு முடிந்தது என்று இருந்தது.

இப்போது நீ அனுப்பவில்லை என்கிறாய். அப்படியானால் நான் யாருடைய லப்பெட்டைத் தின்றேன்? யாரோடு சமாதானம் ஆனேன்? தின்றதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. என் பக்கம் வழக்கு முடிந்துவிட்டது, உன் பக்கம் அலமாரியில் இருக்கிறது. இப்படி ஒரு கூத்து எந்த ராஜா காலத்திலும் நடந்திருக்காது.

இங்கே முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் கொட்டிக் கிடக்கிறது. எனக்குத்தான் இறங்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஆசிரியர் அறையில் இரண்டு பேருடைய தூக்குச் சட்டியையும் திறந்ததும் நீ என்னுடையதை இழுத்துக்கொள்வாய், நான் உன்னுடையதை. என் மீன் குழம்பின் ருசி எனக்கே தெரியாது. இங்கு வந்த பிறகுதான் முதல் முறையாக நான் சமைத்ததை நானே முழுசாகத் தின்கிறேன். எவ்வளவு உப்பு. இருபத்திரண்டு வருஷம் இதையா தின்றாய்? ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே.

ஏழாம் நாள் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் சோறு வேண்டாம் என்று இல்லை. அதை மட்டும் நம்பு. மீதியை எழுத வரவில்லை. இரண்டு தாள் எழுதி அடுப்பில் போட்டேன்.

சான் நுவே


மோல்மேன்
22 ஏப்ரல் 1984

சான் நுவே,

"அவர்கள்" போய்விட்டது, கவனித்தாயா. கோபம் போகவில்லை.

பொட்டலக் கதை தெரிந்துவிட்டது. தண்ணீர்த் திருவிழா முடிந்து சந்தை திறந்த அன்று டின் ஷ்வேயைப் பார்த்தேன். நம்மிடம் மூன்றாம் வகுப்பில் படித்தவன், எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பானே, அவன்தான். இப்போது முடோனில் ஆணிக்கடை வைத்திருக்கிறான், தொப்பையும் இருக்கிறது. என்னைக் கண்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"சயாமா, நீங்க ரெண்டு பேருமே வரல. உங்களுக்குப் பந்தியில ரெண்டு இடம் போட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.

"எதுக்குடா?"

"எம் பையனுக்குச் சின்னத் துறவு குடுத்து மடத்துக்கு அனுப்புற விசேஷம் வெச்சேனே. லப்பெட் அனுப்பினேன்ல, உங்களுக்கு ஒண்ணு, சான் நுவே சயாமாவுக்கு ஒண்ணு. என் மச்சான் லாரியிலதான் குடுத்து விட்டேன். வாய் வார்த்தையா நாளும் சொல்லச் சொன்னேனே."

மச்சான் சொன்னானாம். டோ பூவின் அடுப்பில் எண்ணெய் காய்ந்ததாம். உன் வீட்டுப் படியில் கேட்க ஆளே இல்லையாம். ஒரு பிள்ளையின் விசேஷத்துக்கு வந்த அழைப்பை வைத்துக்கொண்டு, நீ சமாதானம் ஆகிவிட்டாய், நான் சண்டைக்கு வந்துவிட்டேன். இரண்டு வாத்தியாரம்மாக்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். டின் ஷ்வே விடவில்லை. எனக்கு ஒரு கூடைப் பழம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே, "நீங்க சொல்லிக் குடுத்தது இன்னிக்கும் மறக்கல சயாமா. மங்குஸ்தானும் வெல்லமும் சேத்துத் தின்ன மாட்டேன், எம் பிள்ளைங்களையும் திங்க விட மாட்டேன்" என்றான். நம் வகுப்புச் சுவரில் தொங்கிய அந்தப் படம்தான், எதையெதைச் சேர்த்துத் தின்றால் சாவு என்று ஜோடி ஜோடியாகப் போட்டிருக்குமே. என் கையிலிருந்த சந்தைக் கூடை நழுவிவிட்டது. முட்டை எல்லாம் உடைந்தது.

எழுத வரவில்லை என்கிறாய். நீ எழுத வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். கோ லூ பே போன அன்று சாயங்காலம் நீ ஓடி வந்தாய். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் மங்குஸ்தான் தோல் கிடந்தது. வெல்ல டப்பா திறந்து கிடந்தது. நீ அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் அதைக் கண்டேன். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி என் கையால் நீ சோறு தின்ன மாட்டாய் என்று. ஏழாம் நாள் அதை ஊரறியக் காட்டினாய்.

நான் கேட்பது ஒன்றுதான். மனதில் இருப்பதை ஒரு தடவை எழுதிவிடு. ஒன்பது மாதமாக நான் உன் வாயிலிருந்து வரவேண்டியதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓன் மே


மேமியோ
6 மே 1984

ஓன் மே,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உன்னைப் பார்த்தேனா? எதைத் தெரிந்துகொண்டு பார்த்தேன்? நீ எதைச் சொல்கிறாய்?

சரி, எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை அடுப்பில் போடவில்லை.

அந்த மங்குஸ்தான் என் மரத்துப் பழம். அன்று காலையில் கூடையோடு நான்தான் கொண்டுவந்தேன். நீ கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். கோ லூ பே நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரித் தட்டில் வெல்ல டப்பா. சாப்பாடு ஆனதும் இரண்டு கட்டி பனைவெல்லம் வாயில் போடாமல் அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியாதா? டப்பாவைப் பார்த்தேன். "இன்னிக்கு வெல்லம் வேணாம் அண்ணே"ன்னு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர், "சான் நுவே, உன் பழத்துல புழு இருந்தா அதுக்கும் சேத்து நன்றி" என்று கிண்டல் பண்ணினார். நான் சிரித்தேன். சிரித்ததில் சொல்ல மறந்துவிட்டேன். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பத்து வருஷம் அந்தப் படத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். டின் ஷ்வேக்கு நினைவிருக்கிறது. எனக்கு அன்று ஒரு காலை நேரம் நினைவில்லை. சாயங்காலம் வந்து தோலையும் டப்பாவையும் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன், உன் தாலி... இல்லை, நமக்கு அந்த வழக்கம் இல்லை, எதிர்வீட்டுத் தமிழச்சி அழுதபோது சொன்ன வார்த்தை மண்டையில் நிற்கிறது. உன்னைப் பார்த்தேன், இவள் புருஷனை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அதுதான் அந்தப் பார்வை.

ஏழாம் நாள் நீ எனக்கு நல்ல துண்டாகத் தேடி வைத்தாய். கொன்றவள் எப்படித் தின்பாள்? தட்டைத் தள்ளினேன். நீ திட்டினாய். தகுந்த தண்டனை என்று பேசாமல் வந்துவிட்டேன். மகள் கூப்பிட்டதால் மேமியோ வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மகள் கூப்பிடவில்லை, நானே மூட்டை கட்டினேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. பதில் எழுதாவிட்டாலும் சரி.

சான் நுவே


மோல்மேன்
19 மே 1984

சான் நுவே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோனது.

நீ பாதிதான் சொல்லியிருக்கிறாய். பாதிதான் உனக்குத் தெரியும்.

அவர் அன்று மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டார். உன் பழத்தில் ஐந்து தின்றார், ஐந்தாவதில் இரண்டு சுளை எனக்குத் தந்தார். பிறகு, "அந்த டப்பாவ எடு" என்றார். எனக்கு மறக்கவில்லை, சான் நுவே. நீ மறந்தாய், நான் மறக்கவில்லை. "மங்குஸ்தான் தின்னிருக்கீங்க, இன்னிக்கு வேணாம்"னு சொன்னேன். அவர் சிரித்தார். "டீச்சரம்மா, பாடத்தை வகுப்புல நடத்துங்க. வீட்ல எனக்கு வெல்லம் குடுங்க" என்றார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். என் கையால். இரண்டு கட்டி. பகல் பன்னிரண்டு மணிக்கு. நான்கு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

டாக்டர் வந்து, "மாரடைப்பு, முன்னாடியே இருந்திருக்கும்" என்றார். அவரிடம் நான் மங்குஸ்தானைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

நீ என்னைப் பார்த்தபோது, கொடுத்தது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளியபோது, கொலைகாரி கைச்சோறு என்று தள்ளுகிறாய் என்று நினைத்தேன். நீயோ உன்னை நினைத்துத் தள்ளியிருக்கிறாய். அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... இரண்டு பேரும் ஆளுக்கொரு கொலையை மடியில் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு ஊரில் இருந்திருக்கிறோம்.

இப்போது என்ன செய்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பழம் மட்டும் கொல்லாது என்கிறது படம். வெல்லம் மட்டும் கொல்லாது. அப்படியானால் யார்? நீ பாதி, நான் பாதியா? இல்லை, தெரிந்தே கொடுத்த நான் முழுசா? சில நேரம் அவர் மேலேயே கோபம் வருகிறது. தின்றவர் அவர்தானே. அப்புறம் அதற்காக அழுகை வருகிறது.

அன்றிலிருந்து என் வீட்டில் வெல்லம் கிடையாது. வருகிறவர்களுக்குத் தேநீரை மட்டும் வைக்கிறேன். ஓன் மே கஞ்சப்பிசினாரி ஆகிவிட்டாள் என்று பேச்சு. பேசட்டும்.

ஓன் மே


மோல்மேன்
8 ஜூன் 1984

சான் நுவே,

மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் அடுத்தது எழுதுகிறேன்.

சந்தைக்கு மங்குஸ்தான் வந்துவிட்டது. இன்று காலையில் ஒரு கூடை வாங்கினேன். அடுத்த கடையில் பனைவெல்லம் வாங்கினேன். கடைக்காரி இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒண்ணாத் தின்னுடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

மணி பன்னிரண்டு. மீன் வறுவலும் சோறும் தின்றேன். ஐந்து மங்குஸ்தான். அவர் ஐந்து தின்றார் அல்லவா. பிறகு இரண்டு கட்டி வெல்லம். அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதே, சாக வேண்டும் என்று தின்னவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான். டோ பூவைக் கூப்பிட்டு நாலு மணிக்கு வந்து எட்டிப் பார் என்று சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். இந்தத் தடவை காதில் வாங்கினாளா தெரியவில்லை.

ஒரு மணி. ஒன்றும் இல்லை. வெல்லம் ரொம்ப நன்றாக இருக்கிறது. பதினொரு மாதத்துக்குப் பிறகு தின்கிறேன் அல்லவா.

இரண்டரை. வயிற்றில் லேசாக ஏதோ. ஐந்து பழம் தின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உன் மீன் குழம்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உப்பு அதிகம்தான். முதல் நாளே தெரியும். உன் முகம் வாடுமே என்று சொல்லவில்லை, பிறகு பழகிவிட்டது, அதற்குப் பிறகு என் நாக்குக்கு வேறெதுவும் உப்பாகத் தெரியவில்லை.

மூன்றே முக்கால். எழுதும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயத்தில்தான், வேறில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாலு பத்து. டோ பூ வந்து எட்டிப் பார்த்தாள். "என்னத்துக்கு வரச் சொன்னே?" என்றாள். "உயிரோட இருக்கேனான்னு பாக்கத்தான்." "இருக்கியே" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சான் நுவே. அப்படியானால் அவர் எதனால் செத்தார்? வெறும் நெஞ்சுவலியா? நீயும் இல்லை, நானும் இல்லை, பழமும் இல்லை, வெல்லமும் இல்லையா? இது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பழி போட ஒருவரும் இல்லாமல் போனதும் அவர் இல்லாதது மட்டும்தான் மிச்சம். இந்தப் பதினொரு மாதத்தில் இன்றைக்குத்தான் அவருக்காக மட்டும் அழுதேன்.

நாளைக் காலையில் இதைத் தபாலில் போடுகிறேன். ஒரு ராத்திரியும் கழியட்டும் என்றுதான்.

காலை ஏழு மணி. இருக்கிறேன்.

ஓன் மே


மேமியோ
16 ஜூன் 1984

அடி ஓன் மே,

உனக்கு மூளை இருக்கிறதா? ஐம்பத்தெட்டு வயதில் இப்படியா சோதனை பண்ணுவாள் ஒருத்தி? "மணி பன்னிரண்டு" என்று படித்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. நியோதான் கடைசி வரிக்குத் திருப்பி, "இருக்காங்கம்மா, இருக்காங்க" என்று காட்டினாள். கடிதம் வந்ததே அதற்குச் சாட்சிதான், ஆனாலும் என் நெஞ்சு அடங்க அரை நாள் ஆனது.

மூன்று வாரம் நான் எழுதாததற்குக் காரணம், உன் கடிதத்துக்கு என்ன பதில் என்றே தெரியாததுதான். இப்போதும் தெரியவில்லை. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அவருக்கும் ஆகியிருக்காதா, அவர் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு என்று ஒரு பக்கம் மனது இழுக்கிறது. நீ தின்றது நான் தின்ற மாதிரி ஆகாது. ஆகையால் நானும் தின்ன வேண்டும்.

வியாழக்கிழமை ரயிலேறுகிறேன். சனிக்கிழமை பகலுக்குள் வந்துவிடுவேன். டின் ஷ்வேயின் லப்பெட்டை நான் வரும்வரை பிரிக்காதே. ஊறியதுதானே, கெட்டுப்போகாது. அவன் எதற்கு அனுப்பினானோ அனுப்பட்டும், நாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் வைத்துத் தின்போம். என் பங்கை ஏற்கெனவே தின்றுவிட்டேன் என்று கணக்குச் சொல்லாதே, அதைத் தனியாகத் தின்றேன், அது செல்லாது.

அதற்கு முன்னால் சோறு போடு. அன்று வைத்த அதே கோழிக் குழம்பு, அதே கீரைச் சாறு. நான் வந்ததும் எதுவும் கேட்காதே, அழாதே. தட்டை வை, எதிரில் உட்கார். நான் தின்று முடிக்கிறேனா என்று பார்.

பிறகு ஐந்து மங்குஸ்தான் எடுத்து வை. வெல்ல டப்பாவை நீயே எடுத்து, உன் கையாலேயே எனக்குக் கொடு.

சான் நுவே